உப்பாயிக்கு ஒரு முகம்

"நாக்க இன்னும் கொஞ்சம் நீட்டு. கண்ண உருட்டி மேல பாரு. ஆங், அப்டியே இரு, ஆடாத."

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே லைனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியில், காலை வெயிலில் துர்காதேவி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள். நைட்டியின் மேல் ஒரு பழைய வெள்ளைப் புடவையை நனைத்துச் சுற்றியிருந்தாள். ஒரு கை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை யாரோ ஒருவனின் கழுத்தை நெரிப்பதற்காக வெறுங்காற்றில் விரிந்திருந்தது. அவளுக்கு எதிரில் கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து அவள் புருஷன் விஜயகுமார் வரைந்துகொண்டிருந்தான். எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தாள். குடிவந்த புதிதில் இதே காட்சியைப் பார்த்து அந்தப் புண்ணியவதி அலறிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறாள். இப்போதெல்லாம், "இன்னாக்கா, இந்த மாசம் புக்கா?" என்று கேட்பதோடு சரி.

விஜயகுமாரின் பிழைப்பு பேய். சென்னையிலிருந்து வரும் கோட்டான் காமிக்ஸில் அவன் வரையும் 'உப்பாயி' தொடருக்கு அப்படி ஒரு மவுசு. உப்பாயி ஏரியில் மூழ்கிச் செத்தவள். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, தலைமுடியில் பாசி தொங்க, கரையேறி வருவாள். அவள் கண்ணைப் பார்த்தவனுக்கு அத்தோடு கதை முடிந்தது. பேய் போக ராஜா ராணிக் கதைகளும் வரைவான். 'ஏழு கதவுக் கோட்டை' என்று ஒன்று, அதில் மாணிக்கவல்லி என்று ஓர் இளவரசி, பறக்கும் பாம்பு, பேசும் கிணறு, எல்லாம் உண்டு. ஆனால் இவனிடம் ஒரு குறை இருந்தது. கண்ணெதிரே ஆள் நின்றால்தான் கை ஓடும். மனசிலிருந்து வரைந்தால் மனிதர்கள் எல்லாம் மரக்கட்டையாய் வந்து விழுவார்கள். கல்யாணமான புதிதில், "சும்மா ஒரு நிமிசம் இப்டி நில்லுமே" என்று துர்காவை நிற்க வைத்தவன்தான், மகள் வளர்ந்து காலேஜுக்குப் போய் ஹாஸ்டலிலும் சேர்ந்துவிட்டாள், இன்னும் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறான்.

அவளும் சளைத்தவள் இல்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அகலமான கன்ன எலும்பு, பெரிய கண்கள், சிரித்தால் முன்னே வந்து நிற்கும் இரண்டு பற்கள். கண்ணை உருட்டினால் வெள்ளை முழி மட்டும் தெரியும்படி உருட்டுவாள். தூக்கில் தொங்கியிருக்கிறாள், கிணற்றில் மிதந்திருக்கிறாள், சமையலறையில் அரிவாள்மனையோடு பிணத்தைக் கண்டு வாயைப் பொத்தியிருக்கிறாள். மாணிக்கவல்லிக்கும் அவள்தான் நிற்க வேண்டும். இடுப்பை ஒடித்து, கையில் இல்லாத தாமரையை ஏந்தி நிற்பாள். உடம்பை வரைந்து முடித்ததும் கழுத்துக்கு மேலே விஜயகுமார் வேறு ஒரு முகத்தை வைத்துவிடுவான். நாலு நடிகைகளை அம்மியில் வைத்து அரைத்து வழித்த மாதிரி ஒரு முகம். "கழுத்துக்குக் கீழ ராணி, கழுத்துக்கு மேல பேயா நானு?" என்று துர்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள். வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? குடித்தனம் நடப்பது சிப்காட் கம்பெனி கேன்டீனில் அவள் செய்யும் வேலையில். வீட்டுக்கு வந்தால் சோறு, துணி, தண்ணீர். புருஷன் அவளை நிமிர்ந்து, நிதானமாக, உச்சி முதல் பாதம்வரை பார்ப்பது அந்த மொட்டைமாடியில் மட்டும்தான். பேயாக நின்றாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்திருக்கிறது. இதையெல்லாம் அவன் யோசித்ததே இல்லை.

அவள் சிரிப்பு நின்றது அண்ணன் மகள் கல்யாணத்தில். பழவேற்காட்டில், கடைத்தெரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடித்து மணமக்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஆரத்தி எடுக்க வேண்டியது அத்தைக்காரி. அது துர்காவின் உரிமை. இதற்கென்றே மாம்பழ நிறத்தில் புடவை எடுத்து, தலை நிறையப் பூ வைத்து, தட்டில் மஞ்சள் சுண்ணாம்பு கரைத்து வெற்றிலையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒரு குட்டிப் பெண், நான்கு வயசு இருக்கும், இவள் முகத்தைக் கற்பூர வெளிச்சத்தில் பார்த்ததும், "உப்பாயி! உப்பாயி!" என்று வீறிட்டது. அதன் அண்ணன்காரன் வீட்டில் காமிக்ஸ் படிப்பானாம். மண்டபமே சிரித்தது. குழந்தை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் ஆத்தா முகம் சுருங்கிப் போய், "நல்ல நேரத்துல இது இன்னா சகுனம்" என்று முணுமுணுத்தாள். துர்காவின் அண்ணி செல்லியம்மாள் வந்து, "குடும்மா, புள்ள பயப்படுது, நான் எடுக்கறேன்" என்று தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோபமாகக்கூட வாங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினாள். துர்கா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். விஜயகுமார் பந்தியில் இருந்தான். யாரோ அவன் தோளைத் தட்டி, "இன்னாப்பா, உன் பேயப் பாத்துப் புள்ள அலறிடுச்சி" என்றார்கள். அவனுக்குப் பெருமைதான். அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஊர் திரும்பிப் பத்துப் பதினைந்து நாள் அவள் மாடி ஏறவில்லை. கால்வலி என்றாள், கேன்டீனில் ஆள் குறைவு என்றாள். விஜயகுமாருக்கு வேலை தேங்கிப் பேஜாராகிவிட்டது. கடைசியில் ஒரு காலையில், நாஷ்டா தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். சிரிக்கக் கூடாது."

"இன்னா?"

"என்ன ஒரு தபா நானாவே வரை. ராணியா வரை. மூஞ்சியும் என்துதான் வெக்கணும். புக்கோட அட்டையில வரணும். அத எட்த்துக்கினு போய் எங்க ஊட்டாண்ட ஒவ்வொருத்தர் கையிலயும் குடுக்கணும் நான்."

அவன் இட்லியை விழுங்கிக்கொண்டே, "இதுக்குத்தான் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தியா?" என்றான்.

"என் கையிலேர்ந்து தட்ட வாங்கிக்கினாங்க மாமா" என்றாள் அவள். "நான் இன்னா தாலி அறுத்தவளா? கெட்டுப் போனவளா? உன்கூட வாழறவதான நானு?"

அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அழவில்லை. சரி என்றான். 'ஏழு கதவுக் கோட்டை' மொத்தமாகத் தொகுத்துப் பெரிய புத்தகமாக வரப்போகிறது, அதன் அட்டையில் நீதான் மாணிக்கவல்லி என்றான். அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னான், அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த ஓவியத்துக்கு நின்ற காலையை அவன் மறக்க முடியாது. மாம்பழ நிறப் புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள். கையில் பித்தளை விளக்கு. கோட்டையின் ஏழாவது கதவைத் திறந்துகொண்டு இளவரசி வெளியே வருவதாக ஏற்பாடு. நின்ற இடத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

"மூஞ்ச இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாத. சும்மா இரு."

"சும்மான்னா எப்டி?"

இத்தனை வருஷத்தில் அவளைச் சும்மா இரு என்று அவன் சொன்னதே இல்லையே. உருட்டு, பிதுக்கு, கத்து, சாவு என்றுதானே சொல்லியிருக்கிறான். அவள் உதடுகள் எங்கே நிற்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்து, பிறகு தானாக அடங்கின. இடது புருவத்துக்குள் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. சின்ன வயசில் படகு விளிம்பில் விழுந்ததாம். அவன் இன்றுதான் பார்க்கிறான். கன்ன எலும்பின் மேல் வெயில் விழுந்து நின்ற விதத்தைப் பார்த்து அவன் பென்சிலை நிறுத்தினான். இப்படி ஒரு முகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நாலு நடிகைகளை அரைத்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். வண்ணம் போட்டு முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அவன் கையிலிருந்து அதற்குமுன் அப்படி ஒன்று வந்ததில்லை.

முடிந்த படத்தை அவளிடம் காட்டினான். துர்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், தொடவில்லை. "சோக்கா கீறேன் இல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு மதியம் இறால் தொக்கு வைத்தாள்.

படம் சென்னைக்குப் போன மறுநாள் பதிப்பாளர் அன்புசெல்வன் போன் செய்தார். நல்ல மனுஷன், படித்தவர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"விஜயகுமார் சார், கைய குடுங்க! என்ன மூளை சார் உங்களுக்கு! உப்பாயி இளவரசி வேஷத்துல வந்து நிக்கறா! பாத்த உடனே எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு. மாணிக்கவல்லிதான் உப்பாயின்னு கடைசிப் பக்கத்துல ஒடைக்கறோம். ரெண்டு தொடரும் ஒண்ணா சேருது. வாசகன் தலைய பிச்சிப்பான் சார்!"

"இல்ல சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான் விஜயகுமார்.

"அந்தக் கண்ணு சார், அதான் மேட்டரே. சாந்தமா இருக்கற மாதிரி இருக்கு, ஆனா நமக்குத் தெரியும் இல்ல அது யாருன்னு. கடைசி நாலு பக்கம் மட்டும் மாத்திக் குடுங்க. யோசனை உங்களோடது, அதனால கதை, ஓவியம் ரெண்டுக்கும் உங்க பேரு. முன் அட்டையில, பெரிய எழுத்துல."

விஜயகுமாரின் பேர் இதுநாள்வரை உள்பக்கத்தில், அச்சகத்தின் விலாசத்துக்கு மேலே, எறும்பு சைஸில்தான் வந்திருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் மேடை ஏறுவார்கள், இவன் கீழே நின்று கைதட்டுவான். வாயைத் திறந்து, சார் அது என் பெண்டாட்டி, அவள் பேய் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எச்சில் விழுங்கும் நேரம்கூட ஆகாது. அவன் எச்சிலை மட்டும் விழுங்கினான். "சரி சார்" என்றான். துர்காவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அன்று சொல்லவில்லை, அவள் களைத்து வந்திருந்தாள். அடுத்த நாள் அவள் அண்ணிக்குப் போன் போட்டு, "அண்ணி, புக்கு வரட்டும், நானே எட்த்துக்கினு வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? கடைசி நாலு பக்கத்தில் அந்த முகம் எப்படிக் கிழிந்து உப்பாயி வெளியே வருகிறாள் என்பதை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரங்களில், பழைய படங்களைப் பார்த்து வரைந்து அனுப்பினான்.

வெளியீடு திருவள்ளூர் புத்தகக் கண்காட்சியில். துர்கா கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, தன் கல்யாணப் பட்டுப்புடவையையே எடுத்துக் கட்டினாள். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறும்போது முல்லைச் சரம் வாங்கிச் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள்தான். "அட்டைய பாத்தா அண்ணி இன்னா சொல்லும் மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு தரம் அவன், "துர்கா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தான். இரண்டு தரமும் அவள் திரும்பிப் பார்த்த முகத்தைக் கண்டு, "ஒண்ணும் இல்ல, முந்தானைய இழுத்துப் புடி, காத்தடிக்குது" என்று முடித்துக்கொண்டான். கோழை என்றால் அப்படி ஒரு கோழை.

கோட்டான் கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு பேனர். மாம்பழப் புடவை, பித்தளை விளக்கு, புருவத்துத் தழும்பு. துர்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு அவன் முழங்கையைப் பிடித்தாள். கிட்டே போனதும்தான் படத்தின் காலடியில், ரத்தம் சொட்டுகிற மாதிரி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்: அழகியாக வந்தாள் உப்பாயி! அவளுக்குப் படிக்க வரும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கூட்டிப் படித்து முடிக்கும்வரை விஜயகுமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கையிலிருந்து அவள் கை இறங்கியது.

அதற்குள் பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் பேனரைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், "டேய்! உப்பாயிடா! நெஜ உப்பாயி வந்துகீதுடா!" என்று கத்தினான். அன்புசெல்வன் ஓடிவந்து, "அம்மா, நீங்க வந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்று கைகூப்பினார். மைக்கை விஜயகுமார் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், காலேஜில் படிப்பவள் போல, எழுந்து கேட்டாள்.

"சார், இந்த அட்டை முகம் ரொம்ப அழகா இருக்கு. இதுல பயம் எப்படி சார் கொண்டுவந்தீங்க? மொதல்லயே உப்பாயின்னு திட்டம் போட்டுத்தான் வரைஞ்சீங்களா?"

முதல் வரிசை நாற்காலியில் துர்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது, அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் பின்னாளில் அவனைப் போட்டு அறுத்தது. இல்லம்மா, இது என் சம்சாரம், ராணின்னு நெனச்சித்தான் வரைஞ்சேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கூட்டம் காத்திருந்தது. அவன் பேர் பெரிய எழுத்தில் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா, மொதல்லயே திட்டந்தான்" என்றான் விஜயகுமார். "அந்த முகத்த எப்டி வரைஞ்சாலும் பேய்தான்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. செல்பி எடுக்க வரிசை நின்றது. "ஆன்ட்டி, ஒரே ஒரு தடவ அந்தக் கண்ண உருட்டுங்க ஆன்ட்டி" என்று கெஞ்சினார்கள். துர்கா மறுக்கவில்லை. பட்டுப்புடவையும் முல்லைப்பூவுமாக நின்று, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, விரல்களை விரித்து, ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினாள். அலுக்காமல் செய்தாள். விஜயகுமார் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவன்தான் பேசினான். அன்புசெல்வன் பாராட்டியது, வரிசையில் நின்ற கூட்டம், அடுத்த புத்தகம் என்று வாய் ஓயாமல் பேசினான். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது அவள் தலையில் பூ இல்லை. எங்கே எடுத்துப் போட்டாளோ தெரியவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டாளா, சீட்டிலேயே விட்டாளா என்று அவன் கேட்கவும் இல்லை.

அடுத்த கதையில் ஒரு பிணம் வேண்டியிருந்தது. இரண்டு மூன்று நாளாக எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் அவளே கேட்டாள். "இன்னா வேணும் இந்த தபா?"

"பொணம். வாசல்ல கெடத்தின பொணம். உனக்குக் கஷ்டம்னா வேணாம் துர்கா."

"எனுக்கு இன்னா கஷ்டம்" என்று மாடி ஏறினாள். கம்பெனிப் புகையில் ராத்திரியெல்லாம் படிந்த கரியைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாள். பாயை விரித்துப் படுத்தாள். காலின் இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். பிணமாகக் கிடக்கும்போதெல்லாம் அவள் வாய் சும்மா இருக்காது. கண்ணை மூடிக்கொண்டே மீன் விலை பேசுவாள், மகளுக்குப் பீஸ் கட்டணும் என்பாள், மூக்கு அரிக்குது என்பாள். பேசாத, வயிறு ஆடுது என்று அவன் திட்டுவான். இன்று ஒரு வார்த்தை இல்லை. வயிறு ஆடுவதும் தெரியவில்லை. பென்சில் தாளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இவ்வளவு நல்ல பிணம் தனக்கு வாய்த்ததே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

"முடிஞ்சிச்சிமே. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"துர்கா, போதும். எழுந்து வேலைக்குக் கெளம்பு."

ஓர் எறும்பு அவள் கன்னத்தில் ஏறி உதட்டோரம்வரை போய்த் திரும்பியது. அவள் தட்டிவிடவில்லை. கீழே தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதே கிடையாது. டிரைவருக்கும் அது தெரியும்போல, விடாமல் இன்னும் இரண்டு முறை அடித்தான். பிறகு பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"இன்னாமே வெளையாட்டு இது? பயமா கீது எனுக்கு. துர்கா!"

அவள் கண்ணைத் திறந்தாள். உருட்டவில்லை, பிதுக்கவில்லை. சும்மா திறந்து அவனைப் பார்த்தாள். கையும் காலும் கிடத்தின இடத்திலேயே கிடந்தன. சேர்த்து வைத்த கட்டை விரல்கள் பிரியவில்லை. அவன் நிழல் அவள் மார்புவரை விழுந்திருந்தது. அவளை எழுப்புவதற்காகக் குனிந்தவன், பாதியில் நின்றான். குனிந்த கையில் தாள் இருந்தது. தாளில் இருந்தவளின் கண்கள் மூடியிருந்தன. பாயில் கிடந்தவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயகுமார் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, தாளில் மூடியிருந்த கண்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான்.